கிளச்சுத் தோலும் என் காலும்

நீ அந்தத் தோலை மாற்றவில்லை. மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கினாய். வண்டி நின்றுபோனதும் என் காலைக் குற்றம் சொன்னாய். வேலூரில் கார் விற்கும் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நீ பெரிய மெக்கானிக்காக இருந்தபோது செய்த வேலை இது. உன் பேரை நான் எழுதப்போவதில்லை. படித்தால் உனக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமானால் நான் யாரென்று சொல்ல வேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சீவு வேலை செய்தவன் நான். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியிலிருந்து வரும் ஈரத்தோலைக் கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதைப் பக்கத்தைச் சீவி எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தேன். முதலாளி ஒரு சாயபு. பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய பழைய காரை இவர் வாங்கினார். ஓட்டுவதற்கு வெளியாளை வைக்க மனசில்லை. ஷாப்பில் எவன் கை நிதானமானது என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி என்னைக் காட்டினார். பட்டணத்துக்கு அனுப்பி இரண்டு மாதம் கற்றுக்கொள்ள வைத்தார்கள். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவில் சுண்ணாம்புக் குழியில் கை வைக்காமல் சோறு தின்ற முதல் ஆள் நான்தான். என் மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்துச் சிரிப்பாள். பெட்ரோல் நாற்றம் அவளுக்குச் சந்தனமாக இருந்தது.

முதலாளி வீட்டுப் பெண்கள் கோஷா. காரைச் சுற்றித் திரை கட்டித்தான் அவர்களை ஏற்றுவோம். ஓட்டுகிறவன் பின்னால் திரும்பக் கூடாது. மூன்று வருஷம் நான் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. முதலாளியின் தாயாருடைய குரல் மட்டும் எனக்குத் தெரியும். 'மெதுவா போ பாபா' என்பார்கள். மெதுவாகப் போவேன்.

அந்தக் காலத்து வண்டியில் கிளச்சு என்பது கூம்பு மாதிரி ஒரு இரும்பு. அதைச் சுற்றித் தோல் பட்டை வைத்து ரிவிட் அடித்திருக்கும். அந்தத் தோல் இஞ்சின் சக்கரத்தைக் கவ்வினால்தான் வண்டி நகரும். தோல் தேய்ந்துவிட்டால் இஞ்சின் கத்தும், வண்டி அப்படியே நிற்கும். எங்கள் வண்டி மாதனூர் பக்கத்து மேட்டில் ஒருநாள் அப்படிக் கத்தியது. தோல் மாற்ற வேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

ஆம்பூரில் ஒரு பாய் இருந்தார். ஜட்கா வண்டிகளுக்கு அச்சும் பட்டையும் போடுகிற பட்டறை அவருடையது. இரண்டொரு மோட்டாரையும் பிரித்துப் பார்த்திருந்தார். அவர் சொன்னார்:

"நம்ம ஊர்ல இல்லாத தோலா? நல்ல எருமைத் தோலா ஒண்ணு கொண்டா. சாயங்காலத்துக்குள்ள கட்டிக் குடுக்கறேன். வேலூருக்கு எதுக்குப் போற?"

"பாய், இது கம்பெனி வண்டி. நீங்க குதிரைக்கு வண்டி கட்ற ஆளு."

"அப்ப போப்பா. கம்பெனி மாட்டுக்குத் தோலு வேற தினுசா இருக்கும்போல."

முதலாளிக்கும் பாயிடமே விட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். நான்தான் வேண்டாம் என்றேன். விற்கிறவர்களிடமே பழுது பார்த்தால்தான் சரி, அவர்கள் படித்தவர்கள், அச்சடித்த பில் கொடுப்பார்கள் என்று சொன்னேன். இதை மறைக்க மாட்டேன். உன்னிடம் வண்டியைக் கொண்டுவந்தவன் நான்.

உங்கள் ஒர்க்‌ஷாப்பில் தரை சிமெண்டு. ஆட்கள் எல்லாரும் காக்கி. வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. வண்டிக்காரன் கயிற்றைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மூன்று நாள் நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்றாம் நாள் நீ துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தாய்.

"புதுத் தோலுங்களா?" என்று கேட்டேன்.

"சீல் பிரிச்ச பாக்கெட்டு. சீமைத் தோல். உங்க ஊரு சரக்கு இல்ல."

"பழசு எங்கீங்க?"

"அது இன்னாத்துக்கு? செருப்பு தைக்கவா?"

உன் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பில்லில் முதலாளி சார்பில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

வண்டி பத்து நாள் நன்றாக ஓடியது. சமதரையில் மூச்சுக் காட்டவில்லை. பிறகு ஆற்றுக்கு அக்கரையில் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் வந்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் நாணலும் ஓலையும் பரப்பிப் பாதை போட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். தாயார், முதலாளியின் மனைவி, இரண்டு தங்கைகள், நான்கு பேரும் திரைக்குள் இருந்தார்கள். பாதி ஆறு தாண்டவில்லை. இஞ்சின் கத்தியது. சக்கரம் சுற்றவில்லை. காலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். காலடியிலிருந்து கருகிய தோல் நாற்றம் வந்தது. அந்த நாற்றத்தை அறிய எனக்கு மெக்கானிக் வேண்டாம்.

எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஒரு வண்டிக்காரன் கூவினான்:

"இன்னா டிரைவரே, இந்தக் கத்துக் கத்துது, நகர மாட்டேங்குது! என் மாட்டைப் பாரு, வாயே தொறக்காம இழுக்குது!"

"பெட்ரோலு வேணாமாம், புண்ணாக்கு கேக்குதுடா!" என்றான் இன்னொருவன்.

பாரம் குறைந்தால்தான் வண்டியை வெளியே இழுக்க முடியும் என்றார்கள். பெண்கள் இறங்கவேண்டியதாயிற்று. வீட்டு வாசலிலிருந்து வண்டிப் படிக்கு வருவதற்கே இரண்டு பக்கமும் துணி பிடிக்கிற வீடு அது. அவர்கள் நட்ட நடு ஆற்றில், வண்ணார்களும் வண்டிக்காரர்களும் நிற்கிற இடத்தில் இறங்கி மணலில் நடந்தார்கள். தாயார் கால் புதைந்து மணலில் விழுந்துவிட்டார்கள். புர்கா விலகியது. வண்டிக்காரர்கள் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் கேலி பேசியவன்தான் முதலில் திரும்பிக்கொண்டான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தாயார் அழுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஜோடி மாடு கட்டிக் காரை இழுத்துக் கரையேற்றினார்கள்.

முதலாளி கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். வண்டியைப் பிரிக்கவில்லை. பிரிக்க உனக்குத் தைரியம் இல்லை. என்னை ஆசனத்தில் உட்கார வைத்து, பெடலில் கால் வைக்கச் சொன்னாய். வைத்தேன். உடனே முதலாளியைப் பார்த்தாய்.

"பாத்தீங்களா சாயபு? இப்படித்தான் ஓட்டும்போதும் காலை எடுக்கறதே இல்ல. புதுத் தோலு கருகிப் போச்சு. ஷாப்புல மண்ணுல ஊனிப் பழகின காலு. மோட்டாருக்கு ஆவாது."

"நீங்க வைக்கச் சொன்னதாலதான வச்சேன்?" என்றேன்.

"எதுத்துப் பேசறான் பாருங்க."

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை. "மூணு வருஷமா ஓட்டறே, இது கூடவா தெரியாது? அம்மா முகத்த நான் எப்படிப் பாக்கறது?" என்றார். அன்று மாலையே லைசென்ஸையும் காக்கிச் சட்டையையும் வீட்டில் வைத்துவிட்டுக் கட்டைக்குத் திரும்பினேன்.

பெடலில் காலை ஊன்றியே ஓட்டினால் தோல் கருகும் என்பது உண்மைதான். அதனால்தான் உன் பொய் எடுபட்டது. எனக்கே எடுபட்டது, அதுதான் கொடுமை. ஒரு மாதம் நான் கிளச்சை மிதித்த என் இடது காலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வைத்திருப்பேனோ? தெரியாமல் ஊன்றியிருப்பேனோ? சாப்பிடும்போது இடது கால் தானாகத் தரையை அழுத்தினால்கூடப் பயமாக இருக்கும். மனைவி கேட்டாள், "அவரு படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்குமோ?" நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அதற்கு முன் ஓங்கியதில்லை.

ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் ஷெட்டில் வேலை பார்த்த ஒருவனை ஓட்டக் கொண்டுவந்தார்கள். அவன் காலுக்கும் வண்டி நகரவில்லை. கடைசியில் பாயைக் கூப்பிட்டார்கள். புதுப் பட்டைக்கு ஷாப்பிலிருந்து ஒரு எருமைத் தோல் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனது நான்.

பாய் கூம்பை வெளியே எடுத்து வைத்திருந்தார். "இங்க வாப்பா. நீ தோல்காரன், நீயே சொல்லு. இது புதுசா?" என்றார்.

ரிவிட்டை வெட்டித் தோலை உரித்தார். வெளிப்பக்கம் சொரசொரவென்று கருகிக் கிடந்தது. உள்பக்கத்தைத் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரும்போடு ஒட்டிக்கிடக்கிற பக்கம் எங்கே உரசும், எப்படித் தேயும்? அந்தப் பக்கம் ஒரு காலத்தில் வெளியே இருந்து வருஷக்கணக்கில் தேய்ந்திருக்கிறது. ரிவிட் ஓட்டைகள் இரண்டு வரிசை. ஒன்று பழையது, எண்ணெய் ஏறிக் கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று, புதிதாகக் குத்தியது. நீ பழைய தோலைக் கழற்றி, திருப்பிப் போட்டு, சதைப் பக்கத்தைச் சுரண்டி விட்டு, அதே இரும்பில் அடித்திருக்கிறாய். சீல் பிரித்த பாக்கெட்டு!

நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. என் கால் நல்ல கால் என்று அந்தத் தோல் சொன்னது.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு என்னைவிடத் தோல் தெரியும். நகத்தால் ஒரு கீறு கீறினார். ஓட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தோலை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா அம்மா உன் வண்டில ஏற மாட்டேன்றாங்க. நான் இன்னா பண்ண? விடு. பேஜார் பண்ணாத. போய் வேலையப் பாரு."

உன் கம்பெனியிலேயே அவர் ஒரு லாரி வாங்கச் சொல்லி வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

அந்தத் தோலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வேலூருக்கு வந்தேன். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தேன். உன் மானேஜர் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் விரித்தேன். நீ சிரித்தாய்.

"எங்கேர்ந்து கொண்டாந்தே? தோல் ஷாப்புக்காரன் தோலக் கொண்டாந்து காட்டறான் சார்! இவங்ககிட்ட இல்லாத பழந்தோலா? ஓட்ட போட ஒரு ஆணி கெடைக்காதா அந்த ஊர்ல?"

மானேஜருக்கு அது நியாயமாகப் பட்டது. தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு எதிராகவே திரும்பியது. தோல் தெரியாத ஒருவன் அதைக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். 'உள்ள வச்சுப் பாக்கறோம்' என்று நீ அதை வாங்கிக்கொண்டாய். திருப்பித் தரவே இல்லை.

கம்பெனி மெக்கானிக்குகளை நம்பலாமா என்று இந்தக் கதை தெரிந்த டிரைவர்கள் என்னைக் கேட்கிறார்கள். எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டணத்திலிருந்து பாக்கெட்டு வராமல் இருந்திருக்கலாம். வண்டியைச் சீக்கிரம் கொடு என்று மானேஜர் நெருக்கியிருக்கலாம். எனக்கும் அது தெரியாததல்ல. எங்கள் ஷாப்பில் பட்டணத்துக்குப் போகிற கட்டுகளில் கத்தி பட்ட தோலை நடுவில் வைத்து, நல்ல பக்கம் வெளியே வரும்படி நானே மடித்திருக்கிறேன். மேஸ்திரி சொன்னார், செய்தேன். அதனால் எவன் பிழைப்பும் போகவில்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எனக்கு எப்படித் தெரியும்? பட்டணத்தில் அந்தக் கட்டைப் பிரித்தவர்கள் எந்தக் கூலிக்காரனைப் பிடித்து உலுக்கினார்களோ. ஆகவே நீ தோலைத் திருப்பிப் போட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். வண்டி நின்றபோது, 'புதுத் தோல் வரவில்லை, திருப்பிப் போட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். முதலாளி இரண்டு திட்டுத் திட்டியிருப்பார். உன் வேலை போயிருக்காது. நீ என் காலைக் காட்டினாய்.

முதலாளி இறந்துவிட்டார். பாயும் இறந்துவிட்டார். போன மாதம் நாட்றம்பள்ளியில் ஒருவர் இரண்டு பஸ் வாங்கி டிரைவர் தேடினார். லைசென்ஸைத் தூசி தட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். நன்றாக ஓட்டுகிறாய் என்றார். மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனால், 'வேலூர்ல விசாரிச்சேன். உனக்குக் கிளச்சுலேர்ந்து காலை எடுக்கத் தெரியாதாமே' என்றார். யாரிடம் விசாரித்தார் என்று கேட்டேன். உன்னைச் சொன்னார். நீ இப்போது கம்பெனியை விட்டுச் சொந்தமாகக் கொட்டகை போட்டிருக்கிறாய். இந்தப் பக்கத்து பஸ்காரர்கள் எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். நான் இன்னும் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறேன்.

வேலூர்க் கோட்டைக்கு எதிரே பஸ்கள் நிற்கிற இடத்துக்கு வா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர்கள் எல்லாரும் இருக்கிற நேரத்தில் வா. நாட்றம்பள்ளிக்காரரையும் நான் அழைத்து வருகிறேன். அவர்கள் முன்னால், என் கால் வண்டியைக் கெடுத்ததை உன் கண்ணால் பார்த்தாயா, இல்லையா என்று சொல். ஒரு வார்த்தையில் சொல். உனக்குத் தெரிந்த வாய்ப்பேச்சு எதுவும் அங்கே வேண்டாம். வர மாட்டாய் என்றால், ஏன் வரவில்லை என்று அந்த டிரைவர்களுக்கு நீயே பதில் சொல்.