பாட்டு மட்டும் கேட்ட போன்

செம்பூரில் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடும் கடை நடத்துகிறேன். புது போன் சிஸ்டம் போட வந்த ஏஜென்ட், எங்கள் பழைய நம்பரை அன்றே அதற்கு மாற்றிவிடக் கையெழுத்துக் கேட்டார்.

"முதல்ல டெஸ்ட் பண்ணணும்" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம். டைம் வேஸ்ட்!"

விடாப்பிடியாக, அவர் தந்த தற்காலிக நம்பருக்குப் பாண்டுப்பிலிருந்து என் நாத்தனாரைப் பேசச் சொன்னேன். ஆக்சிஜன் அவசரத் தேவைக்கென்று வைத்திருந்த ஒன்றாம் எண் பொத்தானை அழுத்தியும், காத்திருப்பவர்களுக்குப் போடும் பாட்டு மட்டுமே அவளுக்குக் கேட்டது. கடையில் எந்தப் போனும் அடிக்கவில்லை.

"நம்பர் மாறினா சரியாயிடும்" என்று எரிந்து விழுந்தார் ஏஜென்ட்.

"அதுவரைக்கும் மூச்சுத் திணறுறவங்க பாட்டுக் கேட்கணுமா? எந்திரிச்சுப் போய்யா!" என்று கத்திவிட்டேன். முறைத்துக்கொண்டே போனார்.

வேறொருவர் போட்ட சிஸ்டத்தில் எல்லாப் பொத்தானையும் வெளியிலிருந்து அழுத்திப் பார்த்த பிறகே நம்பரை மாற்றினேன். இப்போதும் கடை திறந்ததும் என் மொபைலிலிருந்து ஒருமுறை அழைப்பேன். கடைப் போன் அடித்த பிறகுதான் எனக்கு டீ.