புகைந்த பாத்திர மிஷினும் ராசாங்கமும்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்கு காயில் கட்டும் ராசாங்கத்தின் வாயிலிருந்து, முப்பது வருடத் தொழிலில் 'தெரியல' என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. செட்டிகுளத்து வெங்காயக் காட்டில் சேறு தின்ற மோட்டாராகட்டும், லப்பைக்குடிக்காட்டுக்கு துபாயிலிருந்து வந்து, பட்டனெல்லாம் அரபியில் எழுதியிருந்த ஜூஸ் மிஷினாகட்டும், முதலில் "சின்ன வேலைதான்" என்பார். அது என்ன சாமான் என்பதைப் பிறகுதான் யோசிப்பார். அந்தப் பேரை வைத்துத்தான் கடை ஓடுகிறது. போர்டு கழன்று விழுந்து நாலு வருடமாகிறது, யாரும் அதைத் தேடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் துறைமங்கலத்திலிருந்து மேகலா போன் செய்தாள். புருஷன் பிரேம் சிங்கப்பூரில். இவள் இங்கே மாமியாரோடு இருக்கிறாள்.

"அண்ணே, பாத்திரம் கழுவுற மிஷினு பொகையுது! மெயினை ஆப் பண்ணிட்டேன், அப்பவும் நிக்கல. கம்பெனிக்காரன் திங்கக்கிழமைதான் வருவானாம்."

"பதறாதம்மா, சின்ன வேலைதான்."

பாத்திரம் கழுவுகிற மிஷினை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

போய்ப் பார்த்தால், கதவு இடுக்கில் நூல் நூலாகப் புகை. வெள்ளிக்கிழமையென்பதால் வீடு முழுக்க சாம்பிராணி மணம். அதில் எது எரிகிற வாசனை என்று எந்த மூக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"ஓடும்போது என்ன சத்தம் வந்துச்சு?"

"ஓடவே இல்லண்ணே. சும்மா இருக்கையிலயே பொகையுது. தொறந்தா வெடிச்சிருமோன்னு தொடக்கூட இல்ல."

"சும்மா இருக்கையிலயேவா?" ராசாங்கம் கண்ணை மூடித் தலையாட்டினார். "அப்ப பின்பக்கந்தான்."

உண்மை என்னவென்றால், முன்கதவை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்பக்கம் ஸ்க்ரூ இருந்தது. ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் அவர் யாருக்கும் பயப்படமாட்டார். மிஷினை இழுத்துப்போட்டு பதினோரு ஸ்க்ரூவைக் கழற்றி, ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டிருந்தார். புகை தன்பாட்டுக்குக் குறைந்தது. "பாத்தியா, கட்டுக்கு வருது" என்றார் கூசாமல்.

மாமியார் சின்னப்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். இந்த வீட்டு மிஷின்களுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். மிக்ஸி ஜாரை அடுப்பில் ஏற்றியவள் அவள். வாஷிங் மிஷினில் இலவம்பஞ்சுத் தலையணையைப் போட்டவளும் அவளே. அரைநாள் உட்கார்ந்து பஞ்சு பொறுக்கியவர் ராசாங்கம். அன்று மேகலா கத்தியதும் அவர் காதில் விழுந்தது: "இன்னொரு மிஷினு உங்க கையால போச்சுன்னா, அடுப்படிக்குள்ளயே வரக்கூடாது அத்தை!" அடுப்படியில்லாமல் சின்னப்பிள்ளையை டிவி முன்னால் உட்காரவைப்பது ஜெயிலில் போடுவதற்குச் சமம்.

பிரேமிடமிருந்து போன் வந்தது. மேகலா வாசலுக்குப் போனாள். அந்த நொடியே சின்னப்பிள்ளை வந்து கதவின் மேல்விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் திறந்தாள். இட்லிப் பானைக்குப் பின்னால் பித்தளைத் தூபக்கால் உட்கார்ந்திருந்தது. அதில் பாதி நீறு பூத்த கங்கு.

"சாம்பிராணி போட்டு முடிச்சதும் அணைஞ்சிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. அடியில பிசினாட்டம் ஒட்டிக் கெடந்துச்சா, மிஷினு வெளுத்துக் குடுக்கும்னு உள்ள வச்சு மூடிட்டேன்." அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அவகிட்ட சொல்லிப்புடாதப்பா."

ராசாங்கத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பதினோரு ஸ்க்ரூவை நினைத்ததும் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டன. தூபக்கால் கொல்லைக்குப் போனது. சாம்பலைத் துடைத்து, ஸ்க்ரூவெல்லாம் பூட்டி, மேகலா வந்ததும் மிஷினைப் போடச் சொன்னார். சமர்த்தாக ஓடியது.

"என்னண்ணே கோளாறு?"

"உள்ள ஒரு ஒயரு லேசா..."

"எது? காட்டுங்க, போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புறேன். வாங்கி ரெண்டே மாசந்தான், புதுசே மாத்தித் தரணும்."

உள்ளே ஒயரெல்லாம் மின்னுகின்றன. காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சின்னப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் காப்பாற்றிய பேரை ராசாங்கம் ஒருமுறை நினைத்துப் பார்த்தார்.

"தெரியலம்மா."

"என்னது?"

"ஏன் பொகைஞ்சுதுன்னு எனக்குத் தெரியல."

"உங்களுக்கேவா?" என்றாள் மேகலா. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலத்துக்குள் அவர் கடைக்கு எதிரிலிருக்கும் டீக்கடைக்கு விஷயம் வந்துவிட்டது. "ராசாங்கத்துக்கே தெரியலையாம்ல" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் "வயசாயிருச்சுல்ல" என்றான். அதைக் கேட்ட பிறகு அவருக்கு டீ இறங்கவில்லை. மூன்று நாள் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸிலிருந்து சின்னப்பிள்ளை இறங்கினாள். கையில் வயர்க்கூடை, அதற்குள் மிக்ஸி. கடைக்குள் வராமல், டீக்கடைக்கும் கேட்கும்படி வெளியிலேயே நின்று சொன்னாள்:

"திருச்சிக்காரன் வரைக்கும் பாத்துட்டான் தம்பி, ஒருத்தனாலயும் முடியல. ஒன்னாலதான் முடியும்!"

ராசாங்கம் பிளக்கைச் சொருகினார். மிக்ஸி மணி மாதிரி ஓடியது. "நல்லாத்தான இருக்கு பெரியம்மா?"

"தெரியும்," என்று அவள் குரலை இறக்கினாள். "அரைமணி நேரம் வச்சிருந்து குடு."

டீக்கடையில் எல்லோரும் இந்தப்பக்கம் திரும்பியிருந்தார்கள். ராசாங்கம் மிக்ஸியைக் கவிழ்த்துவைத்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"சின்ன வேலைதான்!" என்றார் சத்தமாக.