அயினி மரமும் தூக்குக்குண்டும்

என் அம்மா விஜயம்மா கொத்தனார். பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் இடையில் பதினொரு வீடுகளில் அவள் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன. போன மாதம் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவள் கொத்தனாரான நாளை எழுதி வைக்கிறேன்.

அதுவரை அவள் கையாள். கனகதாஸ் மேஸ்திரியிடம் பதினான்கு வருடம் சாந்து குழைத்தாள், கல் சுமந்தாள். கரண்டியைத் தொடலாம், கழுவுவதற்கு மட்டும். தூக்குக்குண்டைத் தொடக் கூடாது. பொம்பளை தொட்டால் குண்டு நேர் காட்டாது என்பது மேஸ்திரியின் கட்சி. நூலில் தொங்கும் அந்தப் பித்தளைக் குண்டின் ஆட்டம் நின்றதும் நூல் செங்குத்தாக நிற்கும். சுவர் அதோடு ஒத்துப்போக வேண்டும். அம்மா கீழே நின்று பார்த்தே கற்றாள். வீட்டில் கதவுப் பூட்டை நூலில் கட்டிப் பழகினாள். அதனால் பூட்டு கதவில் இருந்த நாட்கள் குறைவு.

எங்கள் ஐந்து சென்ட் நிலத்தின் மூலையில் ஓர் அயினி நின்றது. மலைக்காட்டு மரம், யார் நட்டதோ தெரியாது. பலாவின் இனம்தான், ஆனால் சக்கைப்பழம் ஒரு கைக்குள் அடங்கும். முள்தோல், உள்ளே ஆரஞ்சு நிறச் சுளை, சுளைக்குள் கொட்டை. பழத்தை வௌவால் தின்று கொட்டையைக் கீழே போடும். விடிந்ததும் அம்மா பொறுக்குவாள். கழுவி, காயவைத்து, சட்டியில் மணலோடு வறுப்பாள். நிலக்கடலை அதனிடம் தோற்றுவிடும். ஆனி, ஆடி மழையில் கட்டட வேலை கிடையாது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வயிற்றுக்கு மரச்சீனிக் கிழங்கும் அந்தக் கொட்டையும்தான். அப்பா போன பிறகு மரவியாபாரிகள் நாலைந்து பேர் வந்து கேட்டார்கள். அம்மா கொடுக்கவில்லை.

1994 மே மாதம். பக்கத்து வீட்டு ஞானசம்பந்தம், ஓய்வுபெற்ற ரெவின்யூ குமாஸ்தா, மாடி எடுத்தார். கனகதாஸ்தான் கொத்தனார். சுவர் முடிந்து, மேலே கான்கிரீட் பாக்கி. சாரத்தில் ஏறிப் பார்த்த ஞானசம்பந்தத்துக்கு, அயினி தன் வீட்டின் பக்கம் சாய்வது போலப் பட்டது. டேப் பிடித்தார். தரையில் சுவருக்கும் மரத்துக்கும் ஏழு அடி. சுவரின் உச்சியில் ஆறடி ஒன்பது அங்குலம். பஞ்சாயத்துக்கு மனு எழுதினார். குமாஸ்தா எழுதிய மனு, ஓட்டை இல்லை. மழைக்கு முன் ஏழு நாளில் மரத்தை வெட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

ஏழாம் நாள் காலையில் பஞ்சாயத்து ஓவர்சியர் வந்தார். மரம் வெட்டுகிறவர்களும் கயிறோடு வந்துவிட்டார்கள்.

"சாறே, மரம் சாயல்ல," என்றாள் அம்மா.

ஓவர்சியர் டேப்பைக் காட்டினார். "கணக்கு கள்ளம் சொல்லுமா சேச்சி?"

"சொல்லாது. எத வச்சு அளந்தாருன்னு கேளும்."

மடியிலிருந்து பூட்டை எடுத்தாள். நூல் கட்டியே இருந்தது. சாரத்திலிருந்து கனகதாஸ் கத்தினார்: "எடி விஜயம்மா, மரத்துக்கா பூட்டு போடப் போற? களவு போயிருமோ?"

"எனக்க மரத்த நான் பாத்துக்கிடுவேன். நீரு கால் வழுக்காம நில்லும் மேஸ்திரி."

முப்பது அடி தள்ளி நின்று நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். அடிமரத்தின் நடுவும், முதல் கிளை பிரியும் இடத்தின் நடுவும் ஒரே நூலில் வந்தன. பிறகு பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். அங்கும் அப்படியே. நூலை ஓவர்சியரிடம் கொடுத்தாள். அவரும் இரண்டு இடத்திலும் நின்று பார்த்துவிட்டுப் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"அப்பம் இந்த மூணு அங்குலம் எங்கேந்து வந்து?" என்றார் ஞானசம்பந்தம்.

அம்மா சாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கனகதாஸ்தான் எங்களுக்கு வேலை தருகிறவர். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மரம் போகும்.

"மேஸ்திரி, உம்ம குண்ட சுவரு உச்சிலேந்து ஒண்ணு தொங்க விடும்."

"எதுக்கு?"

"நான் தொட்டாத்தானே அதுக்கு நேரு தெரியாது? உம்ம கையால விடும்."

மரம் வெட்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். "விடும் மேஸ்திரி," என்றார் ஓவர்சியர்.

குண்டு இறங்கியது. ஆடியது. நின்றது. உச்சியில் நூல் சுவரை ஒட்டியிருந்தது. தரையில் சுவருக்கும் குண்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தது. ஓவர்சியர் டேப் வைத்தார். மூன்று அங்குலம்.

சாய்ந்திருந்தது சுவர். அதை வைத்து எல்லாரும் மரத்தை அளந்திருந்தார்கள். கொத்தனார் கட்டியது சுவர், தானாக முளைத்தது மரம். சந்தேகம் மரத்தின் மேல்தான் போனது.

ஓவர்சியர் நோட்டீஸை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். ஞானசம்பந்தம் மேலே பார்த்துக் கத்தினார்: "எலே கனகதாஸ், எனக்க வீடு அவளுக்க மரத்துமேல விழப்போவுதாக்கும்! இனி அந்த மரம் மனு குடுத்தா நான் என்ன செய்வேன்?"

கனகதாஸ் இறங்கி வந்தார். வைவார் என்று நினைத்தேன். நூலைச் சுற்றி, குண்டை அம்மாவிடம் நீட்டினார். "சுவர இடிச்சுப் பொளிச்சுக் கெட்டணும். இத நீ பிடி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கண்ணு பிடிக்கல்ல விஜயம்மா. ஒரு வருசமாச்சு. வெளிய சொல்லாத."

அவள் சொல்லவில்லை. அவரும் இப்போது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மழைக்கு முன் அந்தச் சுவர் மறுபடி எழும்பியது. குண்டு அம்மாவின் கையில். ஆனியில் வறுத்த கொட்டையில் முதல் கிண்ணம் ஞானசம்பந்தம் வீட்டுக்குப் போனது. மறுநாள் அவரே காலிக் கிண்ணத்தோடு வேலியருகே நின்றார். "விஜயம்மா, இன்னும் உண்டா?"

சாகும்வரை ஐந்து வருடம் அவள் கொத்தனாராக இருந்தாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், அவளுடைய குண்டை எடுத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போனேன். எல்லாச் சுவரும் நேர். திரும்பி வந்து அயினியையும் பார்த்தேன், இரண்டு பக்கம் நின்று. கொட்டை உதிரத் தொடங்கியிருந்தது. குனிந்து பொறுக்கினேன்.