எறும்பு வசனம்

இருமல் தொடங்கியபோது நெல்லுத் தூசி என்று நினைத்தேன். மூன்று கிழமை கழித்து, பரந்தனில் பஸ்ஸுக்கு நின்றபோது துப்பிய சளியில் இரத்தம் கிடந்தது.

வைத்தியசாலையில் சளியைச் சோதித்துக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று) என்றார்கள். ஆறு மாதம் தினமும் குளிசை (மாத்திரை) குடிக்க வேண்டும். நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேலை கிடைக்கும் பக்கம் போய்விடுவேன்.

தர்மபுரத்தில் எங்கள் குசினியில், அடுப்புக்கு மேல் சுவரில் மனைவி வசனக் கலண்டர் தொங்கவிட்டிருந்தாள். நாளுக்கொரு தாள், தாளுக்கொரு வேதவசனம். குளிசை குடித்ததும் அன்றைய தாளைக் கிழித்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். முடிந்தவரை அதன்படி நடப்பேன். நாவை அடக்கச் சொன்ன நாளில், காய்ச்சலோ என்று மனைவி இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் மாதம் இருமல் நின்றது. செட்டிகுளத்தில் அறுவடை, நெல் மூட்டை ஏற்ற ஆள் தேடினார்கள். போவதா விடுவதா என்ற யோசனையோடு தாளைக் கிழித்தேன். சோம்பேறியை எறும்பிடம் படிக்க அனுப்பும் வசனம். உத்தரவு கிடைத்ததென்று அன்றே பஸ் ஏறினேன். கையிலிருந்த குளிசை ஒரு கிழமையில் முடிந்தது. வாங்கப் போகவில்லை.

ஒன்றரை மாதத்தில் இரத்தம் திரும்பி வந்தது.

ஏன் விட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். வசனத்தைச் சொன்னேன்.

"அதில குளிசையை விடச் சொல்லியும் கிடந்ததோ?"

அவர் சிரிக்கவில்லை. இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம் என்றார். மறுபடி சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருமி இன்னும் மருந்துக்கு அடங்கும் என்று வந்தது. ஆனால் முதல் நாளிலிருந்து திரும்பவும் ஆறு மாதம்.

வீட்டில் கலண்டர் நான் போன நாளிலேயே நின்றது. மனைவி ஒரு தாளும் கிழிக்கவில்லை. எறும்பு வசனத்தை நம்பிப் போனதை அவளிடமும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, எறும்பு ஒரே நாளிலயோ எல்லாத்தையும் சேர்க்குது? ஒவ்வொரு மணியாத்தான் இழுத்துக்கொண்டு வருது. உங்களுக்கு இந்தக் குளிசைதான் மணி."

அதே வசனம்தான். நான் என் ஆசைக்கு வாசித்தேன். அவள் என் உடம்புக்கு வாசித்தாள். இதே குளிசையைக் குடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இருமல் நின்ற நாளை முடிவென்று எண்ணாதீர்கள்.

கடைசிக் குளிசை போன மாதம் முடிந்தது. இப்போதும் காலையில் அதே நேரத்துக்கு வாய் தண்ணீர் கேட்கிறது. வெறும் தண்ணீர் குடிக்கிறேன். சைக்கிள் மிதிக்கையில் மூச்சு உள்ளே போய் அடிவரை இறங்குவது தெரிகிறது. முன்பெல்லாம் இன்றைய தாளைக் கிழிக்கும்போதே நாளையதையும் விரலால் தூக்கிப் பார்ப்பேன். இப்போது ஒன்றைக் கிழித்ததும் கையை எடுத்துவிடுகிறேன்.