சாமி வாங்குகிறாரா, விற்கிறாரா?

எனக்குப் பெண் பார்த்த சமயத்தில், புத்தூர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்துக்குப் போகுமா என்றே முடிவாகவில்லை. என் கல்யாணம் அதைவிட இழுபறி. சித்தூரில் பொருளாதாரம் படித்து பி.ஏ. தேறியிருந்த நானேதான் அதற்குக் காரணம்.

வருங்கால மாமனார் புத்தூர்க்காரர். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர். கப்பலில் கடும் காய்ச்சல் கண்டபோது, உயிரோடு ஊர் சேர்ந்தால் திருப்பதி உண்டியலில் நூறு வெள்ளி போடுவதாக வேண்டிக்கொண்டாராம். வெள்ளி என்றால் மலாயா டாலர். சென்னையில் இறங்கிய சந்தோஷத்தில் கையிலிருந்த வெள்ளி முழுவதையும் ரூபாயாக மாற்றிவிட்டார். இப்போது நூறு வெள்ளிக்கு எத்தனை ரூபாயை மஞ்சள் துணியில் முடிவது? அந்த முடிப்பு மலையேறாமல் முகூர்த்தம் கிடையாது என்று நின்றார்.

பாங்கில் விசாரித்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே. அதோடு வாயை மூடியிருந்தால் தை மாதமே கல்யாணம். ஆனால் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, விளக்க ஆரம்பித்தேன். பணமும் கத்தரிக்காய் மாதிரி ஒரு சரக்குதான், அதற்கும் விலை உண்டு. ரூபாயும் வெள்ளியும் இங்கிலாந்துப் பவுண்டின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடப்பதால் அந்த விலை இப்போதைக்கு அதிகம் ஆடாது. ஆனால் பாங்கு நம்மிடம் வெள்ளியை வாங்கும்போது ஒரு விலை, நமக்கு விற்கும்போது கொஞ்சம் கூடுதல். அந்த வித்தியாசம்தான் அதன் பிழைப்பு.

மாமனார் முகம் சுண்டியது. "அப்ப ரெண்டு வெலையா? எத முடியறது?"

இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். சாமியோடு பேரமா என்று எழுந்து உள்ளே போய்விட்டார். தை போயிற்று, மாசியும் போயிற்று.

அடுத்த முறை நான் போய் உட்கார்ந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணின் குரலே வந்தது.

"நைனா, வாங்கறப்ப ஒரு வெல, விக்கறப்ப ஒரு வெலன்னா, இங்க சாமி வாங்கறாரா, விக்கறாரா?"

நான் பரீட்சைக்குப் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. மாமனார்தான் பதில் சொன்னார்.

"அவர் ரெண்டும் செய்யல. நாமதான் வெள்ளிய வெலைக்கு வாங்கி அவருக்குக் குடுக்கணும். ஜாஸ்தி வெலையே இருக்கட்டும்."

அவசரமாகத் தலையாட்டினேன்.

மலையில் அவர் கையில் இரண்டு முடிப்புகள் இருந்தன. நான் முதலில் சொன்ன கணக்குக்குப் பெரியது. பிறகு விளக்கியதால் கூடிய சில்லறைக்குச் சின்னது. பெரியதைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டார். சின்னதைப் போடுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மாப்ள படிச்ச படிப்புக்கு."

வைகாசியில் கல்யாணம் நடந்தது.