அவள் பார்க்காமல் விட்ட விரலகலம்

ஜோடியில்லாமல் நின்ற அந்த ஒற்றை இழை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அரக்குச் சிவப்புப் பட்டு. தறியில் நெய்து தீர்ந்த பழைய பாவின், அதாவது நீளவாட்டு இழைகளின், நுனிகளோடு புதுப் பாவின் இழைகளைச் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. நான் வலது ஓரத்திலும் என் ஓரகத்தி இடது ஓரத்திலும் தொடங்கி, இரண்டாம் நாள் காலை நடுவில் வந்து சேர்ந்தோம். இழைக்கு இழை சரியாக முடிந்திருக்க வேண்டும். ஒரு பழைய நுனி மட்டும் மிச்சம். எங்களில் யாரோ ஒருத்தி எங்கேயோ இரண்டு புது இழைகளை ஒரே நுனியில் சேர்த்திருக்கிறாள்.

"நீதாம்மா எங்கியோ கோட்ட விட்டுட்ட" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாவு பிணைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்தத் திமிர். அவளோ மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, என் கொழுந்தனை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள். தறியையே கல்யாணத்துக்குப் பிறகுதான் கிட்டத்தில் பார்த்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். தன்னைவிடச் சின்னப் பெண்களிடம்கூடக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வாள். எனக்கு அதெல்லாம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது.

மாமியார் வந்துவிட்டார். கல்யாணப் புடவைக்கான பாவு, முகூர்த்தம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தப்பு சின்னவளுடையது என்றால் இனிமேல் அவள் பாவில் கை வைக்கவே வேண்டாம், சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். தன் பக்கத்து இழைகளையே முதலில் பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

நடுவிலிருந்து இழை இழையாக விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். மதியமாயிற்று. ஒரு தப்பும் இல்லை. ஓரத்துக்கு இன்னும் விரலகலம்தான் பாக்கி. அதிலும் ஒன்றும் இல்லையென்றால், தப்பு என்னுடையது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். அப்போது அவள் எழுந்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்சந்தான் இருக்குதுக்கா, நீங்க பாருங்க. நான் டீ போட்டுக்கினு வரேன்" என்றாள். மாமியாரையும் அந்தப் பெண்களையும் பேச்சுக் கொடுத்தபடியே பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் அந்த விரலகலத்தைத்தான் பார்த்தேன். அதில் தப்பு இருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டு பார்த்தேன். அத்தனையும் சுத்தம். பிறகு என் ஓரத்துக்கு வந்தேன். பத்துப் பதினைந்து இழை தாண்டுவதற்குள், இரண்டு இழைகள் ஒரே நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

டீயோடு அவள் மட்டும் வந்தாள். அந்த ஓரத்தை ஏன் பார்க்காமல் விட்டாய் என்று கேட்டேன்.

"மொதமொதல்ல பிணைச்சது அதான்கா. உங்களப் பாத்துப் பாத்து, பயந்து பயந்து பிணைச்சேன். அதுல தப்பு இருக்காது."

தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு அடுப்படிதான். அது தெரிந்தும், நாலு பேர் முன்னால் நான் தலைகுனியக் கூடாது என்று எழுந்து போயிருக்கிறாள். அடேயப்பா, எத்தனை பெரிய மனசு! வீட்டுக்கு மூத்தவள் என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து திரிந்த எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

பின்கட்டு வாசலில் போய் நின்றேன். "அத்த, தப்பு என்னுது" என்றேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தால், அவள் என் ஓரத்தில் உட்கார்ந்து, தப்பான இடத்திலிருந்து இழைகளைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

இப்போது தெருவில் பாவு பிணைக்க அவளைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். எங்கக்காவும் வருவாங்க என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள். எந்த வீட்டு வாசலிலும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். நான் அசைய மாட்டேன். அவள் உள்ளே போன பிறகுதான் படியேறுகிறேன்.