ஒதுங்கணும்ங்க

எங்கள் பக்கத்தில் ஆண்கள் ஒண்ணுக்குப் போவார்கள், பெண்கள் ஒதுங்குவார்கள். காரியம் ஒன்றுதான், சொல் வேறு. அப்பா, வாசலில் நிற்கும் விருந்தாளியிடமே "இருங்க, ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துடறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தெருமுனைச் சுவரைப் பார்த்து நடப்பார். அம்மாவோ பெற்ற பெண்களான எங்களிடம் சொல்வதற்கே குரலைத் தணித்துக்கொள்வாள். "கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன்." எங்கே, எதற்கு என்பதெல்லாம் அந்தச் சொல்லில் இருக்காது. கேட்கிறவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பஸ்ஸில் பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினாறு வயது. அக்காவை ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர அப்பாவும் நானும் போயிருந்தோம். எங்கள் ஊர் பெரம்பலூரைத் தாண்டி ஐந்தாறு மைல். ஜெயங்கொண்டத்தில் ஏறினால் அரியலூர் வழியாகப் பெரம்பலூர், அங்கிருந்து இன்னொரு பஸ்.

பஸ் ஏறுகிற நாளில் பெண்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் இதைச் சட்டமாகப் போட்டதில்லை, ஆனால் மீறினதும் இல்லை. அன்றைக்கு அம்மா சட்னியைக்கூடக் காரமில்லாமல் அரைப்பாள், தண்ணீர் தவிக்கும் என்று. அப்பா மட்டும் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, மேலே ஒரு சொம்பு தண்ணீரையும் கவிழ்த்துக்கொண்டு கிளம்புவார். அவருக்கு என்ன, ரோடு முழுக்க அவருடையது.

அக்காவும் அன்று விடிகாலையில் முந்திரிக்காட்டுக்குப் போய்வந்ததோடு சரி. ஒரு வாய்த் தண்ணீர் தொடவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படி இருக்கக் கூடாது என்று இன்று எந்த டாக்டரும் சொல்வார். அன்று எங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. அவள் புகுந்த ஊரில் முந்திரி மரங்கள் தரையோடு கவிந்து கிடக்கும். உள்ளே நாலு பேர் உட்கார்ந்தால்கூட வெளியே தெரியாது. "எங்க ஊருல சோறு எப்படியோ, மறைவுக்குப் பஞ்சமில்லடி" என்று என்னைக் கேலி செய்வாள். கேலியில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் கரிசல். பருத்திமாரைப் பிடுங்கிவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு செடி நிற்காது. பொழுது விடியும் முன்பு ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை, அதுவும் கும்பலாகப் போக வேண்டும். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்னால் இடப்பக்கத்துப் பெண்கள் சீட்டில் அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா பின்னால் ஆண்களோடு நின்றார். அரியலூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. இறங்கினால் சீட்டுப் போய்விடும் என்று எங்களை இறங்கவிடாமல், அப்பா மட்டும் இறங்கினார். வரும்போது கையில் ஒரு பாட்டில் கலர்.

"குடிம்மா. நாக்கு வறண்டு கிடக்குது பாரு."

"வேணாம்ப்பா."

"வேணாமாவது. மாசமா இருக்குற பொண்ணு, குடிக்காம எப்படி?"

அக்கா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கடைக்காரர் பாட்டிலுக்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தார். முழுப் பாட்டிலையும் குடித்தாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் அவர்மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

அரியலூரைத் தாண்டி எட்டு மைல் இருக்கும். டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர், கண்டக்டர், பின்னால் நின்றவர்கள், உட்கார்ந்தவர்கள் என்று ஒரு பதினைந்து பேர் தடதடவென்று இறங்கி, ரோட்டோரப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். ரோட்டின் இடப்பக்கம் பள்ளம், பஸ்ஸின் இடப்பக்கம் பெண்கள். எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் அத்தனை பேரும். சிலர் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. மழை பெய்யுமா பெய்யாதா என்று ஒருவர் இன்னொருவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, பழக்கம். சின்ன வயதில் ஒருமுறை நான் திரும்பாமல் இருந்ததற்கு அம்மா தொடையில் கிள்ளினாள். "அவங்க ஏம்மா இங்கயே நிக்கிறாங்க?" என்று கேட்டதற்கு இன்னொரு கிள்ளு. அவிழ்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு வெட்கமில்லை, பார்த்துத் தொலைத்தவளுக்குத்தான் வெட்கம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை, இப்போதும் பிடிபடவில்லை.

அக்கா மெல்ல எழுந்தாள். வேட்டியைச் சரி செய்துகொண்டே ஜன்னலுக்குக் கீழே வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"நீ ஏம்மா எழுந்திரிக்கிற? உக்காரு உக்காரு. இங்க ஒரு மறைவும் இல்ல. இந்தா, பெரம்பலூர் வந்துடும்."

அவர் சொன்னது சரிதான், மறைவு இல்லை. அது தனக்கு மட்டும் ஏன் வேண்டியிருக்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. அக்கா உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் அவள் உதட்டைக் கடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் காதில், "என்னால முடியல. அப்பாகிட்டப் போயி நிறுத்தச் சொல்லுடி" என்றாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் முழுக்க ஆண்கள். தாவணி போட்ட நான் அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு போய், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, அக்காவுக்கு ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கக்கா, வந்துடும்" என்றேன். அப்பா சொன்னதையே நானும் சொன்னேன்.

அக்கா அதற்குமேல் என்னிடம் கேட்கவில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டரைத் தானே கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்கணும்ங்க."

கண்டக்டர் அவள் வயிற்றைப் பார்த்தார், சுற்றி நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். சட்டென்று குரலை உயர்த்தினார்.

"ஏம்பா, புள்ளத்தாச்சிப் பொண்ணு மேல விழுந்துக்கிட்டு நிக்கிறீங்களே! எல்லாரும் ஒதுங்குங்கப்பா. அந்தம்மாவுக்குக் காத்து வரட்டும்."

எல்லோரும் ஒதுங்கினார்கள். அவ்வளவு மரியாதையான கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஒருவர் முன் ஜன்னலின் ஷட்டரைத் தூக்கிவிட்டார். மயக்கம் என்று நினைத்து ஒரு பெண் கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து, "மோந்து பாரும்மா" என்று கொடுத்தாள். அக்காவுக்கு வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த பஸ் அவளுக்குக் கொடுத்தது.

"இப்பப் பரவாயில்லயாம்மா?" என்றார் கண்டக்டர்.

பஸ் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இனி அவள் அந்த இன்னொரு சொல்லைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "பரவாயில்லங்க" என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு எதிரே, என்ஜினை ஒட்டிய நீள சீட்டில், மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அக்காவின் முகத்தையும் ஒன்றோடொன்று இறுக்கி வைத்த கால்களையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் அவளும் வாய் திறக்கவில்லை. குழந்தை மேலே ஒரு சட்டை மட்டும் போட்டிருந்தது. இடுப்பில் அரைஞாணில் வெள்ளி அரைமூடி தொங்கியது. ஆண் குழந்தைக்கு வெறும் அரைஞாண் போதும். பெண்ணாகப் பிறந்ததற்கு, எட்டு மாதத்திலேயே மறைக்க ஒரு தகடு.

பெரம்பலூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். அக்கா முன்கம்பியில் மோதாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு சீட்டிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது. தகரத் தரையில் அது கோடாக ஓடி, எதிர்சீட்டுக் குழந்தைக்காரியின் காலடிக்குப் போய்த் தேங்கியது.

"என்னம்மா இது தண்ணி? யாரு?" என்றார் கண்டக்டர்.

நான் காலைத் தூக்கிக்கொண்டேன். பாவாடையை இரண்டு கையாலும் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி பக்கத்தில் நான் தற்செயலாக உட்கார்ந்திருப்பதுபோல. பிள்ளைப்பருவம் முழுக்க ஒரே தட்டில் சாப்பிட்ட அக்காவுக்கு நான் செய்தது அது.

"எம்புள்ள பேஞ்சிடுச்சுங்க" என்று ஒரு குரல் கேட்டது. குழந்தைக்காரி. சொல்லும்போதே முந்தானையை இழுத்துக் குழந்தையின் இடுப்பை மூடினாள்.

"ஆம்பளப் புள்ளயா?"

"ஆமாங்க."

"அப்பச் சரி, தீர்த்தந்தான்!" என்று கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. யாருக்கும் அருவருப்பு இல்லை. தரையில் ஓடினது பிள்ளையுடையது என்றதும் காலைத் தூக்கியவர்கள்கூடத் திரும்பக் கீழே வைத்தார்கள். குழந்தைக்காரி சிரிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் எல்லோரும் இறங்கும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. கடைசியாக இறங்கியபோது அப்பா அவள் புடவையின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"சொல்லிருக்கலாம்லம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல."

மனதாரத்தான் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. அக்கா துண்டின் நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னாள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. எழுந்து நின்று சொன்னாள், என்னிடம் சொன்னாள், கண்டக்டரிடம் சொன்னாள். ஆனால் கத்தியிருந்தால் என்னிடம் சொன்னதையும் சேர்த்துத்தான் கத்தியிருக்க வேண்டும்.

அப்பா ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்க்கப் போனார். நாங்கள் இருவரும் ஒரு தூணோரம் நின்றோம். அக்கா தலையைக் குனிந்து என் காலையும் பாவாடையையும் பார்த்தாள்.

"உம் பாவாடை நனையலயில்லடி?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்டாளா, அக்கறையில்தான் கேட்டாளா என்று எனக்கு இந்த வயதுவரை தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியமும் எனக்கு வரவில்லை.

"நனையலக்கா" என்றேன்.